பூட்டிய அலுமாரியும் நான் இழுத்த கேபிளும்

எனக்குப் பிரியாவிடை வைத்த அன்று நாலு வார்த்தை பேசச் சொன்னீர்கள். எழுந்து நின்று "எல்லாருக்கும் நன்றி" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டேன். நீங்களும் கைதட்டிவிட்டு கேக் சாப்பிடப் போய்விட்டீர்கள். எனக்கு ஆட்கள் முன்னால் பேச வராது. எழுத ஓரளவு வரும். அதனால் எழுதிக் கடையிலேயே வைத்துவிட்டுப் போகிறேன். வேலை குறைவான நேரத்தில் படியுங்கள்.

நான் படித்தது பதினோராம் வகுப்புச் சாதாரண தரம் வரைதான். கட்டுகஸ்தோட்டைக் கடையில் ரேடியோ, டீவி, கணினி என்று காலத்துக்கு வந்ததையெல்லாம் திருத்திக்கொண்டிருந்தேன். கண் பார்வை குறைந்ததால் ஐம்பத்து நாலு வயதிலேயே விலகுகிறேன். எந்தத் திருகாணியை முதலில் கழற்ற வேண்டும் என்றெல்லாம் எழுதப் போவதில்லை. அதில் நீங்கள் என்னைவிடக் கெட்டிக்காரர்கள். சரியாகச் செய்தேன் என்று நான் நம்பிய ஒரு வேலையைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

கண்டியில் மேட்டுத் தெரு ஒன்றில் ஒரு ஹாஜியார் தட்டச்சு நிலையம் வைத்திருந்தார். தனியார் பள்ளிக்கூடங்கள் சில சேர்ந்து தங்கள் தவணைப் பரீட்சைக்கான தமிழ் வினாத்தாள்களை அங்கேதான் அடிக்கக் கொடுத்தன. ஆசிரியர்கள் கையால் எழுதியது முத்திரையிட்ட உறையில் வரும். அடித்து, பிழை பார்த்து, அச்சிட்டு, மறுபடி முத்திரையிட்டு அனுப்ப வேண்டும். அடிப்பவள் சுகந்தி, தெல்தோட்டைப் பக்கத் தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளான லயத்திலிருந்து வரும் பெண். பிழை பார்ப்பவர் சிவா மாஸ்டர், யாழ்ப்பாணத்திலிருந்து வந்து கண்டியில் படிப்பித்து ஓய்வு பெற்றவர்.

ஹாஜியாருக்கு எப்போதும் ஒரே பயம். யாராவது பென் டிரைவைச் செருகித் தாளை எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள் என்பது. இணையம் வேண்டாம் என்று அதை ஏற்கனவே துண்டிக்கச் சொல்லியிருந்தார். உள்ளே போகிறவர்கள் கைத்தொலைபேசியை வாசலில் வைத்துவிட வேண்டும். ஒருநாள் என்னைக் கூப்பிட்டு, உள் அறையில் இருந்த இரும்பு அலுமாரியைக் காட்டினார்.

"தம்பி, கொம்பியூட்டர் பெட்டிய இதுக்குள்ள வெச்சுப் பூட்டணும். தொறப்பு என்ட இடுப்புல. திரையும் கீபோர்டும் மட்டும் முன் அறையில இருக்கட்டும். அங்கதான் வெளிச்சம் ஈக்குது."

இரண்டுக்கும் இடையே நாற்பத்தைந்து அடியாவது இருக்கும். செய்யலாம் என்றேன். கண்டிக் கடைகளில் தேடி நீளமான திரைக் கேபிள் ஒன்று வாங்கினேன். கையில் எடுத்தபோதே மெல்லியதாக இருந்தது. நல்ல கேபிளின் தோலுக்குள் உலோகப் பின்னலால் ஒரு உறை இருக்கும். இதில் அது பெயருக்குத்தான் இருந்தது. அந்த நீளத்தில் வேறு கிடைக்கவில்லை. அலுமாரிக்குப் பின்னால் துளையிட்டு, கேபிளைச் சீலிங்குக்கு மேலே ஏற்றி, பக்கத்துக் கட்டடத்தைப் பார்த்த சுவர் நெடுக இழுத்து, முன் அறையில் இறக்கினேன். திரையில் எழுத்துக்குப் பக்கத்தில் இலேசாக நிழல் விழுந்தது. பழகிவிடும் என்று சுகந்தியிடம் சொன்னேன். பெட்டியின் திருகாணிகள் மேல் என் கையெழுத்திட்ட காகிதத்தையும் ஒட்டினேன்.

ஹாஜியார் அலுமாரியைப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு, இழுத்துப் பார்த்தார். "இனி ஜின்னாலயும் எடுக்க ஏலாது" என்றார். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

ஒன்றரை வருடம் கழித்து, ஒரு வியாழக்கிழமை காலை, அவரே எனக்குப் போன் எடுத்தார்.

"தம்பி, வேலயெல்லாம் அப்பிடியே வெச்சிட்டு வாங்க. அலுமாரியத் தொறந்து பாக்கணும். யாரோ கைய வெச்சிட்டான்."

நான் போய்ச் சேர்ந்தபோது மூவரும் முன் அறையில் இருந்தார்கள். ஹாஜியார் யன்னல் பக்கம். சிவா மாஸ்டர் கையில் ஒரு தாளோடு நின்றுகொண்டிருந்தார். சுகந்தி அணைந்த திரைக்கு முன்னால் கதிரையில், கைகளை மடியில் வைத்துக்கொண்டு இருந்தாள். அலுமாரியைத் திறந்து பார்த்தேன். பூட்டில் கீறல் இல்லை. என் கையெழுத்துக் காகிதம் கிழியவில்லை. வெளியிலிருந்து எதையும் செருகிய தடயம் கணினியிலும் இல்லை. அதைச் சொன்னேன்.

"நான் அப்பவே சொன்னனான். பெட்டியில பிழை இல்லை" என்றார் மாஸ்டர். கையிலிருந்த தாளை மேசையில் வைத்தார். "இதைப் பாரும்."

அது பக்கத்துக் கட்டடத்து மாடியில் இருந்த டியூஷன் வகுப்பு, பரீட்சைக்கு முதல்நாள் மாணவர்களுக்குக் கொடுத்த யூக வினாத்தாள். இந்த வருடம் மூன்றாவது தடவையாக அதில் வந்த கேள்விகள் உண்மைத் தாளோடு ஒத்துப்போயிருந்தன. மாஸ்டர் விரல் வைத்த இடத்தில் ஒரு மின்சுற்றுப் படம் இருந்தது. கரண்டை அளக்கும் அம்பியர்மானி மின்குமிழுக்குப் பக்கவாட்டாகப் போடப்பட்டிருந்தது. அது தவறு. கரண்ட் போகும் வழியிலேயே அது வர வேண்டும்.

"இந்தப் பிழை கடதாசியில வரவே இல்லை" என்றார் மாஸ்டர். "ஆசிரியர் எழுதித் தந்ததில சரியா இருக்கு. பிள்ளைதான் மாறி வரைஞ்சது. செவ்வாய்க்கிழமை மத்தியானம் நான் பின்னால நிண்டு திரையிலதான் கண்டனான். உடனே மாத்தச் சொன்னன். அதுக்குப் பிறகுதான் பிரிண்ட் எடுத்தது. அப்ப, பிழையாய் இருக்கேக்க இதைப் பாத்த ஆக்கள் ரெண்டே ரெண்டு பேர்."

"மாஸ்டர், பொம்புளப் புள்ள. மெதுவாக் கதைங்க."

"மெதுவாத்தான் கதைக்கிறன், ஹாஜியார். ஒண்டு நான். மற்றது இவ."

சுகந்தி நிமிர்ந்து பார்த்தாள். "நான் யாருக்கும் சொல்லல சேர்."

"அப்ப எப்பிடிப் போனது?"

"தெரியல சேர். பஸ்ஸுல யாருகிட்டயாச்சும் பேசினேனான்னு யோசிச்சுப் பாத்துக்கிட்டு இருக்கேன். பேசல." பிறகு என் பக்கம் திரும்பினாள். "அண்ணே, ஒருத்தர் மனசுல இருக்கறத வெளிய எடுக்கற மெஷின் ஏதாச்சும் இருக்கா?"

யாரும் சிரிக்கவில்லை. அவளும் சிரிப்பதற்காகக் கேட்கவில்லை. தன்னுடைய கைப்பையை எடுத்து மேசை மேல் தானே கவிழ்த்தாள். சாப்பாட்டுப் பெட்டி, சீப்பு, பஸ் சீசன் டிக்கெட், திருநீற்றுப் பொட்டலம். மாஸ்டர் பார்க்காதவர் மாதிரி பார்த்தார். நானும்தான்.

பள்ளிக்கூடங்கள் அன்று காலையே ஹாஜியாருக்குச் சொல்லிவிட்டன. யார் என்று கண்டுபிடிக்காவிட்டால் அடுத்த தவணை வேலை வராது.

"மகள், கொஞ்ச நாளைக்கு ஊட்ட இருங்க" என்றார் அவர். "நான் விசாரிச்சிட்டுக் கூப்புடுறேன்."

"வீட்டுக்குப் போனேன்னா நான்தான் திருடின்னு ஆகிரும் மொதலாளி. எங்க லயத்துல கொம்பியூட்டர் வேலைக்கு வந்தது நான் ஒருத்திதான். ஏன் வேலைக்குப் போகலன்னு எல்லாரும் கேப்பாங்க."

ஹாஜியார் யன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவள் பையில் சாமான்களைத் திரும்பப் போட்டுக்கொண்டு மத்தியான பஸ்ஸுக்குப் போய்விட்டாள்.

உண்மையைச் சொல்ல வேண்டும். அந்த நேரத்தில் நானும் அவளைத்தான் சந்தேகித்தேன். அவள் அழாதது எனக்கு உறுத்தியது. அழுதிருந்தால் அதுவும் உறுத்தியிருக்கும். ஒருவர் மேல் சந்தேகம் விழுந்துவிட்டால் அவர் தண்ணீர் குடிப்பதுகூட நமக்குச் சாட்சியாகத் தெரியும்.

மின் இணைப்புகளையும் பார்த்துவிட்டுப் போகும்படி ஹாஜியார் சொன்னதால் சாயங்காலம் வரை அங்கே இருந்தேன். என் பையில் ஒரு சின்ன ரேடியோ இருப்பதை நீங்கள் பார்த்திருக்கிறீர்கள், கேலியும் செய்திருக்கிறீர்கள். மத்திய அலையில், நிலையம் இல்லாத இடத்தில் முள்ளை வைத்து இயந்திரத்துக்குப் பக்கத்தில் பிடித்தால் இரையும். எந்தப் பகுதி உயிரோடு இருக்கிறது என்று அதைக் கேட்டே சொல்லிவிடலாம். பழைய ரேடியோக்காரர்களின் பழக்கம். அன்று அதை அணைக்க மறந்து பையில் போட்டுக்கொண்டு, ஐந்து மணியளவில் படியிறங்கி, இரண்டு கட்டடங்களுக்கும் இடையிலுள்ள சந்துக்கு வந்தேன்.

பை இரைந்துகொண்டிருந்தது.

வழக்கமாக இரண்டு முழம் தள்ளிப் போனாலே சத்தம் நின்றுவிடும். நான் திரையிலிருந்து இருபது அடிக்கு மேல் தள்ளி, ஒரு சுவருக்கு வெளியே நிற்கிறேன். ரேடியோவை வெளியே எடுத்துச் சந்தில் நடந்தேன். சுவர் ஓரமாக இரைச்சல் கூடியது. நடுச்சந்தில் குறைந்தது. மேலே இருந்த ஹாஜியாருக்குப் போன் எடுத்தேன்.

"ஹாஜியார், அந்தத் திரைய ஒருக்கா அணைங்க."

"ஏன் தம்பி?"

"சும்மாதான்."

இரைச்சல் நின்றது. போடச் சொன்னேன். வந்தது. வெள்ளைப் பக்கத்தைத் திறக்கச் சொன்னேன், ஒரு சுருதி. படம் ஒன்றைத் திறக்கச் சொன்னேன், வேறு சுருதி. திரையில் இருப்பது மாற மாற, சந்தில் நிற்கும் என் கையில் சத்தம் மாறியது. இரைச்சல் கூடிய இடம் முழுவதும் என் கேபிள் போகும் பாதை.

அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தேன். டியூஷன் வகுப்பின் பால்கனிக் கம்பியில் ஒரு டீவி ஏரியல் கட்டியிருந்தது. கண்டியில் எந்த வீட்டு ஏரியலும் ஹந்தானை மலைப் பக்கம் பார்த்துக்கொண்டுதான் நிற்கும். அங்கேதான் கோபுரம் இருக்கிறது. இது மலைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு எங்கள் சுவரைப் பார்த்தது.

உங்களுக்கு இதன் கணக்கு தெரிந்திருக்கும். எனக்குத் தெரிந்த மாதிரி சொல்கிறேன். திரைக்குப் போகும் படம் கேபிளில் மின்சாரமாக ஓடுகிறது. ஓடுகிற மின்சாரம் கொஞ்சம் காற்றிலும் கசியும். நல்ல உறை அதை உள்ளே அடக்கிவிடும். உறை சரியில்லாத நீளமான கேபிள் தானே ஒரு ஏரியலாகிவிடும். கசிவதைப் பக்கத்தில் ஒருவன் பிடித்து, கணினி வழியாக வரிசைப்படுத்தினால் திரையில் உள்ள படம் அவனிடமும் வரும், மங்கலாக. பல வருடங்களுக்கு முன் கொழும்பில் உதிரிப்பாகம் விற்கும் ஒருவர் இதைச் சொல்லியிருந்தார். அதெல்லாம் பட்டாளத்துக்கும் தூதரகத்துக்கும் உள்ள கவலை என்று நினைத்து விட்டுவிட்டேன். கண்டியில் ஒன்பதாம் வகுப்பு விஞ்ஞானத் தாளுக்காக ஒருவன் ஏரியலைத் திருப்புவான் என்று யார் நினைப்பது?

படியேறிப் போய் ஹாஜியாரிடம் அப்போதே சொல்லியிருக்க வேண்டும். நான் பஸ்ஸில் ஏறி வீட்டுக்குப் போனேன்.

எனக்குள் நான் சொல்லிக்கொண்ட நியாயங்கள் பல. ரேடியோ இரைந்தால் அது படம் ஆகுமா, நிச்சயமாகத் தெரியாமல் எப்படிச் சொல்வது? சிவா மாஸ்டர் விஞ்ஞானம் படிப்பித்தவர், சாதாரண தரக்காரன் நான் அவர் முன்னால் போய்க் காற்றில் களவு போகிறது என்றால் சிரிக்க மாட்டாரா? ஏரியல் காற்றுக்குத் திரும்பியிருக்கலாம். இவை எல்லாவற்றுக்கும் அடியில் ஒன்று கிடந்தது. கேபிள் நான் போட்டது. நான் வாயைத் திறந்தால் சந்தேகம் அந்தப் பெண்ணிடமிருந்து எழுந்து என் மேல் வந்து உட்காரும்.

வெள்ளி, சனி, ஞாயிறு போயின. அந்த நாட்களில் எனக்கு எல்லோர் மேலும் சந்தேகம் வந்தது. ஹாஜியாரே விற்றிருப்பாரோ என்று நினைத்தேன். மாஸ்டர் ஏன் அந்தப் பிள்ளையை இவ்வளவு வேகமாகக் காட்டினார் என்று நினைத்தேன். திங்கட்கிழமை, விட்ட வேலையைப் பார்க்கிறேன் என்று பொய் சொல்லி அங்கே போனேன். மாஸ்டரிடம் மூன்று யூகத் தாள்களையும் உண்மைத் தாள்களையும் ஒரு முறை பார்க்கத் தரச் சொன்னேன்.

"உமக்கு என்னத்துக்கு?"

"படம் வரைஞ்ச நேரத்தக் கொம்பியூட்டர்ல பாக்கலாம் சேர்."

அரை மனதோடு தந்தார். ஒரு மூலையில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக ஒப்பிட்டேன். மூன்று தாள்களிலும் மொத்தம் ஏழு கேள்விகள் ஒத்துப்போயின. ஏழும் படங்கள். மின்சுற்று, பூவின் குறுக்குவெட்டு, ஆற்று வரைபடம் இப்படி. படம் வரையும்போது சுகந்தி அதைத் திரை நிறையப் பெரிதாக்கி வைத்துக்கொள்வாள். எழுத்துக் கேள்விகளைச் சின்ன அளவில் அடிப்பாள். எழுத்துக் கேள்வி ஒன்றுகூட வெளியே போயிருக்கவில்லை. முழுத் தாளும் கையில் இருக்கிற ஒருத்தி, பத்து மதிப்பெண் கட்டுரைக் கேள்வியை விட்டுவிட்டுப் படத்தை மட்டுமா விற்பாள்? மங்கலாகப் பார்க்கிறவனுக்குத்தான் பெரியது மட்டும் தெரியும்.

அதைக் கண்ட பிறகும் செவ்வாய்க்கிழமை முழுவதும் சும்மா இருந்தேன். புதன்கிழமை காலை, மாஸ்டர் வருவதற்கு முன் போய் ஹாஜியாரிடம் சொன்னேன். சந்துக்குக் கூட்டிப்போய் ரேடியோவை அவர் கையிலேயே கொடுத்தேன். ஏரியலைக் காட்டினேன்.

"அப்ப அலுமாரிய நான் பூட்டுனது?"

"பெட்டிய பூட்டினோம். படத்த வெளிய விட்டுட்டோம். அந்தக் கேபிள் வாங்கினது நான்தான் ஹாஜியார்."

திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். "இத நான் மாஸ்டருக்குச் சொன்னா, முதலாளி புள்ளயக் காப்பாத்தக் கத கட்டுறார்னு சொல்லுவார்" என்றார். "காட்டணும் தம்பி. வாயால சொல்லிச் சரிவராது."

இரண்டு பேருக்கு மட்டும் தெரியும்படி ஒரு பொறி வைத்தோம். எந்த ஆசிரியரும் கேட்காத ஒரு படம் வேண்டும். எனக்குத் தெரிந்தது அழைப்பு மணிதான். மணி, மின்கலம், சுவிட்ச் என்கிற ஆளி மூன்றையும் போட்டு, ஆளியை மணிக்குக் கரண்டே போகாத இடத்தில் வைத்து வரைந்தேன். பிள்ளைகள் பார்த்தாலே சிரிக்கும் படம். வியாழனும் வெள்ளியும் மத்தியானத்தில் யன்னல் திரைச்சீலைகளை இழுத்து மூடிவிட்டு, அதைத் திரை நிறைய வைத்துக்கொண்டு இருவரும் தேத்தண்ணீர் குடித்தோம். அச்சிடவில்லை. சேமிக்கவும் இல்லை. அந்தப் படத்தைப் பார்த்த மனிதர்கள் நாங்கள் இருவர்தான். சுகந்தி அந்த நாட்களில் தெல்தோட்டையில்.

அடுத்த செவ்வாய்க்கிழமை பத்தாம் வகுப்புப் பரீட்சைக்கு முதல்நாள். சிவா மாஸ்டர் மூச்சு வாங்கப் படியேறி வந்து ஒரு தாளை மேசையில் போட்டார்.

"பாருங்கோ ஹாஜியார். பிள்ளை வீட்டில இருக்கு. அவங்கள் திரும்பவும் தாள் குடுத்திருக்கிறாங்கள். இதில ஒரு விசர்ப் படமும் கிடக்கு, எங்கட தாளில இல்லாதது." என்னைப் பார்த்தார். "போன கிழமை நீர் தாள் எல்லாம் வாங்கிப் பாத்தனீர். பெட்டி பூட்டினதும் நீர். இனி மிச்சம் நீர் ஒராள்தான்."

நான் வாயைத் திறப்பதற்குள் ஹாஜியார் அந்தத் தாளை எடுத்தார். கடைசிப் பக்கத்தில் என் அழைப்பு மணி. ஆளி, நான் வைத்த அதே தப்பான இடத்தில். மணியின் ஒரு பக்கத்தை அவர்கள் வட்டமாக வரைந்திருந்தார்கள், தெளிவாகத் தெரியவில்லை போலிருக்கிறது.

"இந்த விசர்ப் படம் நான் வெச்சது மாஸ்டர்" என்றார் ஹாஜியார். "தம்பி வரைஞ்சார். நாங்க ரெண்டு பேரும் உக்காந்து பாத்துக்கிட்டு இருந்தோம். கதவும் பூட்டு, யன்னலும் பூட்டு. மூணாவதா ஒருத்தன் சுவருக்கு அந்தப் பக்கம் இருந்து பாத்திருக்கான்."

மாஸ்டரை நானே சந்துக்குக் கூட்டிப்போனேன். அவர் ரேடியோவை வாங்கிச் சுவர் ஓரமாக மூன்று முறை நடந்தார். ஏரியலைப் பார்த்தார். பிறகு அந்தச் சின்னச் சந்தில் ஒரு படியில் உட்கார்ந்துவிட்டார். "மின்காந்த அலையெல்லாம் நான் படிப்பிச்சனான்" என்றார்.

இங்கே நீங்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பக்கத்து மாடியில் என்ன கருவி இருந்தது என்று நான் கண்ணால் பார்க்கவில்லை. டியூஷன் சேர் எதையும் ஒத்துக்கொள்ளவில்லை. ஹாஜியார் போய்க் கேட்டபோது, "ஏரியல் கிரிக்கெட் பாக்க" என்றாராம். கேபிளைப் பிடுங்கி எறிந்து, பெட்டியைத் திரைக்குப் பக்கத்திலேயே ஒரு கம்பிக் கூட்டுக்குள் வைத்து, நல்ல உறையுள்ள குட்டைக் கேபிள் போட்டேன். ரேடியோவோடு சந்தில் நடந்தேன், ஒன்றும் கேட்கவில்லை. அதன்பின் யூகத் தாள்கள் வெறும் யூகமாகவே வந்தன. எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். தெரிந்ததுக்கு மேல் ஒரு சொல் சொல்லாதீர்கள்.

இந்தக் கதை ஊருக்குள் பரவியதும் கட்டுகஸ்தோட்டையில் காணி உறுதிப் பத்திரம் எழுதும் ஒரு நொத்தாரிசு என்னைக் கூப்பிட்டார். யன்னல், கதவு, திரை எல்லாவற்றிலும் சமையலறை அலுமினியத் தாளை ஒட்டி வைத்திருந்தார், உள்ளே போனால் கண் கூசியது. நான் உட்கார்ந்திருந்த அரைமணி நேரத்தில் அவருடைய எழுதுவினைஞர் வாசலில் நின்று, ஒரு உறுதியின் நாலு எல்லைகளையும் உரிமையாளர் பெயரையும் போனில் உரக்க வாசித்தார். தெருவில் போகிறவர்கள் எல்லோரும் கேட்டிருப்பார்கள். அலை கசிகிறது என்று வருகிறவரிடம் முதலில் வாய் எங்கே கசிகிறது என்று பாருங்கள்.

சரி, சுகந்தி. ஹாஜியார் அன்று மாலையே அவளுக்குப் போன் எடுத்து முழுக் கதையையும் சொன்னார். வேலைக்கு வரச் சொன்னார். அவள் சரி என்று சொல்லவில்லை. என்னோடு பேச வேண்டும் என்றாளாம். நான் பேசினேன்.

"கேட்டேன்ணே, சந்தோசம்" என்றாள். "ஆனா போன்ல சொன்னா எனக்கு மட்டும்தான் கேக்கும். எங்க லயத்துல எல்லாருக்கும் நான் தாள் வித்தவ. ஞாயித்துக்கிழமை மூணு மணிக்கு வாங்க. தோட்டத்து மண்டபத்துல அந்த நேரம்தான் நான் புள்ளைங்களுக்குக் கொம்பியூட்டர் வகுப்பு வைக்கிறது. வச்சுக்கிட்டு இருந்தது. அங்க வந்து சொல்லுங்க."

ஹாஜியார் பேசட்டும், முதலாளி சொன்னால்தான் மதிப்பு என்றேன்.

"அவரு மொதலாளி, நல்ல மனுசன், எனக்குப் பாவம் பாத்துச் சொல்றாருன்னு நெனைப்பாங்க. கேபிள் போட்டது நீங்கதானே."

ஞாயிற்றுக்கிழமை ஹாஜியாரின் வேனில் மூன்று பேரும் போனோம். சிவா மாஸ்டரை யாரும் கூப்பிடவில்லை, அவரே வந்து ஏறிக்கொண்டார். மண்டபத்தில் ஐம்பது பேராவது இருந்தார்கள். அவளுடைய அப்பாதான் வீடு வீடாகப் போய்க் கூப்பிட்டிருக்கிறார். பிள்ளைகளை வெளியே விட்டுவிட்டுப் பெரியவர்கள் மட்டும் வந்திருந்தார்கள். மாஸ்டர் முதலில் எழுந்தார். "நான் இந்தப் பிள்ளையில பழி போட்டனான். அது பிழை. அதைச் சொல்லத்தான் வந்தனான்" என்று சொல்லிவிட்டு நின்றபடியே இருந்தார், உட்காரவில்லை.

பிறகு நான். தரையைப் பார்த்துக்கொண்டுதான் பேசினேன். கேபிளைப் பற்றி, சந்தைப் பற்றி, மலைக்கு முதுகு காட்டிய ஏரியலைப் பற்றி. நடுவில் ஒரு அம்மா, "அப்ப எங்க வீட்டு டீவியிலயும் பாப்பாங்களா?" என்று கேட்டார். சிலர் சிரித்தார்கள். எனக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது.

சுகந்தியின் அப்பா சிரிக்கவில்லை. முன் வரிசையில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"சரிங்க. என் மக எடுக்கலன்னு இப்ப வெளங்குது. இது உங்களுக்கு எப்பங்க தெரிய வந்துச்சு?"

"ரெண்டு மூணு நாளுலயே தெரிஞ்சிருச்சுங்க" என்றேன். மெதுவாகத்தான் சொன்னேன்.

"இல்லண்ணே." சுகந்தி சுவர் ஓரமாக நின்றிருந்தாள். அவள் குரலும் உயரவில்லை. "மொதலாளி போன்ல நாளெல்லாம் சொன்னாரு. நான் பஸ் ஏறின அன்னிக்குச் சாயங்காலமே அஞ்சு மணிக்கு நீங்க சந்துல நின்னீங்க. அவருகிட்டப் போய்ச் சொன்னது அடுத்த புதன்கிழமை. ஆறு நாளு. அந்த ஆறு நாளுக்குள்ளதான் ஒரு ஞாயித்துக்கிழமை வந்துச்சு. இங்க கதவத் தொறந்து வச்சிட்டு அஞ்சு மணி வரைக்கும் ஒக்காந்திருந்தேன். ஒரு புள்ளையும் வரல."

நான் ஹாஜியாரைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. நிச்சயமாகத் தெரியாமல் எப்படிச் சொல்வது என்று வைத்திருந்த நியாயம் அந்த இடத்தில் வாயில் வரவில்லை. நிச்சயம் தேவையில்லை, "எனக்கு ஒரு சந்தேகம் இருக்கிறது, என் வேலை மேலேயே" என்று அந்த வியாழக்கிழமை சொல்லியிருந்தாலே போதும். பாதித் தெளிவோடு சொன்ன அந்த ஒரு வாக்கியம் அடுத்த நாளே அவளை வேலைக்குத் திரும்பக் கூப்பிட வைத்திருக்கும். தன் பெயர் கெடும் என்று ஒருவன் சும்மா இருக்கும் ஒவ்வொரு நாளும் வேறு யாருடைய பெயரோ அங்கே செலவாகிக்கொண்டிருக்கும். இதைத்தான் அன்று உங்கள் முன்னால் சொல்ல நினைத்தேன்.

"ஆமா. ஆறு நாள்" என்றேன்.

"பின்னால இருக்கறவங்களுக்குக் கேக்கலைங்க" என்றார் அவளுடைய அப்பா.

தலையை நிமிர்த்தி, கடைசி வரிசையைப் பார்த்துச் சொன்னேன். "ஆறு நாள். எனக்குத் தெரிஞ்சும் நான் சொல்லல."

டீவியைப் பற்றிக் கேட்ட அம்மா எழுந்து வாசலுக்குப் போய், வெளியே விளையாடிக்கொண்டிருந்த தன் மகளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, கையைக் கழுவிவிட்டு உள்ளே வந்து உட்காரச் சொன்னார். சுகந்தி எங்களைப் பார்த்து, கதிரைகளைக் கொஞ்சம் பின்னால் தள்ளிப் போடச் சொன்னாள். வகுப்புக்கு இடம் வேண்டுமாம்.